திரை விழும்வரை பிணம் எழுந்திருக்கக் கூடாது

ஒன்ஸ்மோர் ராணி தன் வாழ்நாளில் எத்தனை தடவை செத்தாள் என்பதற்குச் சரியான கணக்கு கிடையாது. எண்ண ஆரம்பித்தவர்கள் எல்லாரும் பாதியில் அலுத்துப்போய் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள். நாடகம் நடக்கும் நாளெல்லாம் ஒரு சாவு நிச்சயம். ஞாயிற்றுக்கிழமை என்றால் மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அதற்கு மேல் ஜனங்கள் "ஒன்ஸ்மோர்!" என்று கத்தினால், செத்தவள் எழுந்து உடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, பாட்டை முதலிலிருந்து பாடி, மறுபடியும் விழுந்து சாக வேண்டும். அடைமழை பிடித்து யாரும் வீட்டுக்குப் போக முடியாத ஒரு நாள், சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று ஜனங்கள் அவளை ஏழு தடவை சாகடித்தார்கள். ஏழாவது சாவுதான் இருப்பதிலேயே உருக்கம் என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு. இருக்காதா பின்னே? அதற்குள் அவளுக்கு நிஜமாகவே பாதி உயிர் போயிருந்தது.

கம்பெனியில் அவள் சேர்ந்தது மரமாகத்தான். தோட்டக் காட்சியில் பின்வரிசையில் மூன்றாவது மரம். மரத்துக்குப் பாட்டு கிடையாது. ஆனாலும் கதாநாயகி பாடும்போது மரத்தால் சும்மா இருக்க முடியவில்லை, கூடவே பாடியது. ஜனங்கள் கதாநாயகியை விட்டுவிட்டு மரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பெரிய முதலாளி, அதாவது கம்பெனியை ஆரம்பித்தவர், பக்கவாட்டில் நின்று கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இந்த மரத்த ஒண்ணு வெட்டணும், இல்லேன்னா முன்னால கொண்டாந்து நடணும்" என்றார். வெட்ட மனசு வராமல் முன்னால் நட்டார்.

குரல் என்றால் அப்படி ஒரு குரல். மைக் வராத காலம். கடைசி வரிசையைத் தாண்டி, டிக்கெட் ஜன்னலைத் தாண்டி, தெருவில் போகும் பஸ்ஸுக்குள் போய் உட்கார்ந்துவிடும். டிரைவர் வண்டியை ஓரம் கட்டுவார். கண்டக்டர் விசில் ஊதமாட்டார். பாட்டு முடிந்து பஸ் கிளம்பும்போது நாலு பேர் இறங்கி அரங்கத்துக்குள் போய்விடுவார்கள். கடைசியில் பஸ் கம்பெனிக்காரர்களே தோற்றுப்போய் அங்கே ஒரு நிறுத்தம் வைத்தார்கள். அந்த இடத்தில் கடையும் கிடையாது, குறுக்குத் தெருவும் கிடையாது. நிறுத்தம் மட்டும் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் போய்ப் பார்க்கலாம்.

அவளை ராணியாக்கிய நாடகம் ஒரு தோட்டக்காரன் மகளின் கதை. இளவரசனுக்கு எதிரிகள் விஷக் கிண்ணம் வைக்கிறார்கள். அவள் அதை முந்திக் குடித்துவிட்டு அரண்மனைப் படிக்கட்டில் விழுந்து, "இன்னும் ஒரு மூச்சிருக்கு, அதுவும் உனக்கே தந்தேன்" என்று பாடிச் சாகிறாள். ஒரு மூச்சு என்பது பேச்சுக்குத்தான். அதில் பல்லவி, அனுபல்லவி, மூன்று சரணம் எல்லாம் அடங்கும். பிறகு இளவரசன் அவளை மடியில் போட்டுக்கொண்டு புலம்பல் பாட்டு பாடுவான். அவன் உச்சத்தில் ஒரு இழுப்பு இழுத்ததும் திரைக்காரர் கயிற்றை விடுவார். திரை விழும். ஜனங்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

இதற்குக் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. பெரிய முதலாளி போட்ட சட்டம். திரை விழும்வரை பிணம் எழுந்திருக்கக் கூடாது. பாடுகிறவர் நிறுத்தக் கூடாது. கூரை இடிந்து விழுந்தாலும் சரி. ஒரே ஒரு விலக்கு, சபையிலிருந்து 'ஒன்ஸ்மோர்' வந்தால் பிணம் எழுந்திருக்கலாம். ஜனங்கள் கூப்பிட்டு எழுந்திருக்காத பிணம் கம்பெனிக்கு ஆகாது.

ராணி இந்தச் சட்டத்தை எவ்வளவு மதித்தாள் என்றால், ஒரு தடவை சினிமாக்காரர்கள் அவளைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். "சட்டுனு செத்துடுங்கம்மா, ஃபிலிம் வீணாகுது" என்றார் டைரக்டர். அவளும் மனசில்லாமல் சட்டென்று செத்தாள். டைரக்டர் "கட்" சொன்னார். விளக்கை அணைத்தார்கள். எல்லாரும் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் ராணி செத்தபடியே கிடக்கிறாள். ஸ்டுடியோவில் ஏது திரை? விழுந்தால்தானே எழுந்திருப்பாள்? பிறகு தச்சர் ஒருவர் விஷயம் புரிந்து, இரண்டு பேரை ஒரு போர்வையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி மேலேயிருந்து கீழே இறக்கினார். ராணி எழுந்து, கும்பிட்டு, நேராகப் பஸ் ஏறி அரங்கத்துக்கே வந்துவிட்டாள். சினிமாவுக்கும் அவளுக்கும் உறவு அவ்வளவுதான்.

அவளுக்குக் கல்யாணம் ஆனதும் சாவினால்தான்.

அந்தத் தோட்டக்காரன் மகள் நாடகம் புதிதாக ஆரம்பித்த வாரம். அப்போதுதான் படித்து முடித்து போர்டு மாட்டியிருந்த ஒரு இளம் டாக்டர் மூன்றாம் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். வாழ்க்கையில் முதல் நாடகம். ராணி பாடிச் செத்தாள். டாக்டரால் உட்கார முடியவில்லை. அது முகமா, வெள்ளைக் காகிதமா? தாண்டிக் குதித்து மேடையேறி, இளவரசனைத் தள்ளிவிட்டு, அவள் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி இல்லை. மறுபடி பிடித்தார். இல்லவே இல்லை. மேடை முனைக்கு வந்து தழுதழுத்த குரலில், "எல்லாரும் மன்னிக்கணும். அம்மா போயிட்டாங்க" என்றார்.

சபை எழுந்து நின்றது. தலைகுனிந்து வரிசையாக வெளியே போனது. சில பேர் மறுநாள் பூ எல்லாம் கொண்டுவந்தார்கள். திரை விழாததால் ராணி பாவம் கிடந்தாள்.

நாடி எங்கே போயிற்று என்ற ரகசியம் ராணிக்கும் கம்பெனித் தையல்காரருக்கும் மட்டும் தெரியும். படிக்கட்டில் விழும்போது கை தொளதொளவென்று ஆடக் கூடாதென்று, தையல்காரர் அவளுக்கு ஒரு துணி உருண்டை செய்து கொடுத்திருந்தார். அதை அக்குளில் வைத்து இறுக்கிக்கொண்டால் கை அழகாக, கட்டை மாதிரி நிற்கும். நாடியும் கூடவே நின்றுவிடும். டாக்டர் படிப்பில் இதெல்லாம் சொல்லித் தருவதில்லை.

உயிரோடு இருப்பவளைச் செத்தவள் என்று சொன்ன டாக்டரிடம் யார் போவார்கள்? "சளின்னு போனா சங்கு ஊதிடுவாருய்யா" என்றார்கள். கிளினிக்கில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. வாயில்லா ஜீவன்கள்தான் வந்தன: நாய், பூனை, ஒரு முறை சர்க்கஸ் ஒட்டகம். அவற்றுக்கு ஊர் வம்பு காதில் விழுவதில்லை.

ராணி முதலில் அவரைத் திட்டத்தான் போனாள். "என்னய்யா, என்னைக் கொன்னுட்டீங்களே!" என்று ஆரம்பித்தவள், மருந்து வாசனையும் தூசியுமாக இருந்த அந்த அறையில் அவர் பூனைக்குக் கட்டுப்போட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்த பார்வையில் அடங்கிப்போனாள். திட்ட வந்த வாய் "எனக்கும் லேசா இருமல்" என்றது. அடுத்த வாரம் தலைவலி. அதற்கடுத்த வாரம் காது. உடம்பில் உறுப்புகள் தீர்ந்துபோனதும் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

ஆனால் அந்த மனிதர் அதற்கப்புறம் யார் நாடியையும் தொட்டதில்லை. மேடையில் கால் வைப்பதில்லை என்றும் சபதம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மூன்றாம் வரிசையில் அதே நாற்காலியில் வந்து உட்காருவார். கைதட்டுவார், கண் துடைத்துக்கொள்வார். 'ஒன்ஸ்மோர்' மட்டும் சொல்லமாட்டார். வீட்டில் ராணி இதைச் சொல்லிச் சொல்லி இடிப்பாள்.

"ஊரே ஒன்ஸ்மோர்ங்குது. கட்டின புருஷன் வாயில மட்டும் கொழுக்கட்டையா?"

"ஒரு தடவை சாகறதைப் பாக்கறதே போதும்மா" என்பார். வேறு பேச்சு கிடையாது.

இப்படியே வருஷங்கள் ஓடின. பெரிய முதலாளி போய் அவர் மகன் சின்ன முதலாளி வந்தார். ராணி தூக்கி வளர்த்த பிள்ளை. நாலு பேர் முன்னால் 'முதலாளி' என்பாள், தனியாக இருந்தால் 'தம்பி.' இளவரசனாக நடிக்கும் கதாநாயகர் மட்டும் மாறவில்லை. ராணியைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனால் அவளை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். தன் தலையில் பூசிய மையைவிட அந்த ஒரு சொல்லில்தான் தனக்கு இளமை கூடுகிறது என்று கண்டுபிடித்திருந்தார்.

அவருடைய புலம்பல் பாட்டு வருஷா வருஷம் வளர்ந்தது. முதலில் மூன்று சரணம் இருந்தது. பிறகு ஐந்து. பிறகு அவருக்கு ஆலாபனையில் ஆசை வந்தது. பிணத்துக்கோ இதில் செய்ய ஒன்றுமில்லை. அசையாமல் கிடக்க வேண்டும், அவ்வளவே. ஐம்பதைத் தொட்ட உடம்பு, மத்தியானச் சாப்பாடு, தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி, தாலாட்டு மாதிரி ஒரு புலம்பல். எத்தனை நாள்தான் தாங்கும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதாநாயகர் உருகிக்கொண்டிருந்தார். "பேச மாட்டாயா கண்ணே? ஒரு சத்தம், ஒரே ஒரு சத்தம் தர மாட்டாயா?" என்று பாடி, வழக்கம்போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினார். அந்த நிசப்தத்தில் பிணம் ஒரு குறட்டை விட்டது.

சின்னக் குறட்டை இல்லை. பஸ்ஸை நிறுத்திய குரலாயிற்றே.

"குடுத்துட்டாங்கய்யா!" என்றார் கடைசி வரிசையில் ஒருவர். சபை விழுந்து விழுந்து சிரித்தது. கதாநாயகர் மீதிப் பாட்டை அழுதுகொண்டே பாடினார். அன்றைக்குத்தான் அவர் நிஜமாக அழுதது.

திரை விழுந்ததும் சின்ன முதலாளி ஒப்பனை அறைக்கு வந்தார். கண்ணாடியைச் சுற்றி எரிந்த பல்புகளில் பாதி போயிருந்தன. மீதிப் பாதியில் ராணி முகத்து மாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பின்னாலேயே கதாநாயகர். அவருக்கும் பின்னால் அவருடைய மனைவியின் தங்கை. கம்பெனியில் எல்லாரும் அவளைச் 'சின்னது' என்பார்கள். கோரஸில் பாடுகிறவள், கண் மட்டும் எப்போதும் படிக்கட்டில்.

"அக்கா, செத்தவங்க குறட்டை விடலாமா?" என்றார் சின்ன முதலாளி.

"விடக்கூடாதுன்னு உங்க அப்பா சட்டம் போடலியே. எழுந்திருக்கக் கூடாதுன்னுதான் சொன்னார். நான் எழுந்திருச்சேனா?"

"ஜனங்க சிரிக்கிறாங்கக்கா."

கதாநாயகர் தொண்டையைச் செருமினார். "அக்காவைக் குத்தம் சொல்லல, முதலாளி. வயசு. அசதி வரும்தானே? நம்ம சின்னதுக்கு எல்லாப் பாட்டும் பாடம். ரெண்டு நாள் ஒத்திகை போதும்."

"அசதி ஏன் வராது?" என்றாள் ராணி. "நான் சாகறப்ப வெளியில வெயிலு. இவரு பாடி முடிக்கிறப்ப தெருவிளக்கு எரியுது. நடுவுல பிணம் தூங்கலேன்னாத்தான் ஆச்சரியம்."

"பெரியம்மா, நீங்க கவலையே படாதீங்க" என்றது சின்னது, குரலில் சர்க்கரையைக் கொட்டி. "நீங்க செத்த மாதிரியே அச்சு அசலா நானும் சாவேன்."

"நீ நல்லா இரும்மா" என்றாள் ராணி.

சின்ன முதலாளிக்கு யாரையும் பகைக்க மனசில்லை. கதாநாயகர் கோபித்துக்கொண்டால் நாடகம் நின்றுவிடும். அக்கா அழுதால் சோறு இறங்காது. கடைசியில் நடுவாக ஒரு தீர்ப்புச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டம். முதல் வரிசையில் தானே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். மேடையில் ஒரு குறட்டை, ஒரே ஒரு குறட்டை கேட்டாலும், திங்கட்கிழமையிலிருந்து சின்னது சாகட்டும். அக்காவுக்கு ராஜமாதா வேஷம்.

"ராஜமாதாவுக்குப் பாட்டே இல்லியே, தம்பி." நாலு பேர் முன்னால் தம்பி என்று சொல்லிவிட்டோம் என்பதைக்கூட ராணி கவனிக்கவில்லை.

"உக்காந்து எந்திரிக்கிற வேஷம்க்கா. முழங்காலுக்கு நல்லது."

ராணி அன்று வீட்டுக்கு வந்து காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். மரமாக வந்தவள் மறுபடி நாற்காலியாகப் போவதா? பாடாமல், சாகாமல், கிரீடம் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து இன்னொருத்தி சாவதைப் பார்த்துக்கொண்டிருப்பதா? அதைவிட நிஜமாகவே ஒரு தடவை செத்துவிடலாம்.

"மூக்குப்பொடி போட்டுக்கயேன்" என்றார் டாக்டர்.

"தும்மல் வந்தா? குறட்டை விட்ட பிணத்தையாவது மன்னிப்பாங்க. தும்மின பிணத்தை 'நூறு வயசு'ன்னு வாழ்த்திட்டுல்ல போவாங்க!"

"ஊசி ஒண்ணு செருகிக்கிட்டா?"

"குத்தினா துள்ளிட மாட்டேனா? நீங்க டாக்டரா, கசாப்புக்காரரா?"

டாக்டர் யோசித்தார். எழுந்துபோய் அலமாரியிலிருந்து தன் பழைய கோட்டை எடுத்து, அதில் இருந்த தடியான பொத்தான் ஒன்றைப் பிய்த்துக்கொண்டு வந்தார். "இதை முதுகுப் பக்கம் உள்ளுக்குள்ள வச்சுத் தைக்கச் சொல்லு. குத்தாது. ஆனா நிம்மதியாவும் விடாது."

"உங்கள மாதிரியேன்னு சொல்லுங்க."

இருபத்தைந்து வருஷத்தில் அவர் எழுதிய வைத்தியத்தை ஒரு மனுஷ ஜீவன் ஏற்றுக்கொண்டது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் கொளுத்தியது. தெருத் தாரில் செருப்பு ஒட்டியது. சாப்பிட்ட சாப்பாடு கண்ணுக்கு ஏறிய நிலையில் ஜனங்கள் வந்து உட்கார்ந்தார்கள். மின்விசிறிகள் சூட்டை ஒரு பக்கத்திலிருந்து எடுத்து இன்னொரு பக்கத்தில் வைத்தன. முதல் வரிசையில் சின்ன முதலாளி, ஒரு கையைக் காதுக்குப் பின்னால் வைத்தபடி. மூன்றாம் வரிசையில் டாக்டர், பொத்தானில்லாத கோட்டோடு.

ராணி விஷம் குடித்தாள், பாடினாள், செத்தாள். முதுகில் பொத்தான் சரியாக உட்கார்ந்தது. வலி இல்லை, ஆனால் யாரோ விரலால் தட்டி, "தூங்கிட்டியா? தூங்கிட்டியா?" என்று கேட்பது போல இருந்தது.

கதாநாயகர் புலம்பலை ஆரம்பித்தார். அன்றைக்கு அவர் ஒரு முடிவோடு வந்திருந்தார். ஐந்து சரணத்தையும் பாடினார். ஒவ்வொன்றையும் இரண்டாம் முறை பாடினார். நடுவில் ஆலாபனை. குரலை மெதுவாக்கி, இன்னும் மெதுவாக்கி, குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி பாடினார். பிணத்தின் கண்ணிமையையே பார்த்துக்கொண்டு பாடினார்.

அவர் ஒன்றை மறந்துவிட்டார். காது பிணத்துக்கு மட்டும் இல்லை.

முதலில் தூங்கியது கடைசி வரிசை. பிறகு அது அலை மாதிரி முன்னால் வந்தது. பிடில்காரர் வில்லை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். டிரம்காரர் டிரம் மேலேயே கன்னத்தை வைத்தார். சின்ன முதலாளியின் காதுக்குப் பின்னால் இருந்த கை, மெல்ல இறங்கித் தலையணையாயிற்று. மேடைக்குப் பக்கத்தில், தன் முறை வந்தாயிற்று என்று நின்றுகொண்டிருந்த சின்னது, தூணில் சாய்ந்து நின்றபடியே தூங்கியது.

கதாநாயகர் திருப்தியாக உச்சத்துக்குப் போய் அந்தக் கடைசி இழுப்பை இழுத்தார். திரை விழவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தார். திரைக்காரர் முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் கயிற்றைக் கட்டிக்கொண்டு, பிரசங்கம் கேட்கிறவர் மாதிரி தலையாட்டித் தூங்கிக்கொண்டிருந்தார்.

சட்டம் சட்டம்தானே? திரை விழும்வரை பாடுகிறவர் நிறுத்தக் கூடாது. கதாநாயகர் முதல் சரணத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார். உச்சம். திரை இல்லை. மறுபடி. குரல் கம்மியது. கால் தள்ளாடியது. "பேச மாட்டாயா கண்ணே..." என்று அவர் படிக்கட்டில் உட்கார்ந்தார். "ஒரு சத்தம்..." என்று பிணத்தின் பக்கத்தில் சாய்ந்தார். அப்புறம் சத்தத்தை அவரே கொடுத்தார். நல்ல கனமான குறட்டை.

அரங்கத்தில் விழித்திருந்த ஒரே ஆள் பிணம்தான்.

ராணிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஜெயித்துவிட்டாள், ஆனால் பார்க்க ஆள் இல்லை. திரை விழாது. சபை தூங்குகிறது, ஒன்ஸ்மோர் வராது. எழுந்திருக்க வழியே இல்லை. இப்படியே கிடந்தால் அசதியில் தானும் கண்ணயர்ந்து, எல்லாரும் விழிக்கிற சமயத்தில் இரண்டு குறட்டையாகக் கேட்டால்? பொத்தான்கூட முதுகுக்குப் பழகிக்கொண்டு வந்தது. இமை ஒரு தடவை தானாக அழுந்தியது.

அப்போது மூன்றாம் வரிசையிலிருந்து, நாற்காலிக்கே கேட்காத மாதிரி, ஒரு குரல் வந்தது.

"ஒன்ஸ்மோர்."

ராணி இமையை இம்மியளவு திறந்தாள். டாக்டர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கண் கொட்டாமல் அவள் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார், மூச்சு ஏறுகிறதா இறங்குகிறதா என்று. அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருஷமாக இந்த மனிதர் நாடகம் பார்க்க வரவில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் அவள் உயிரோடு இருக்கிறாளா என்று பார்த்துக்கொள்ள வந்திருக்கிறார். அவருக்கு எந்தப் புலம்பலில் தூக்கம் வரும்?

ஒன்ஸ்மோர் எத்தனை பேர் சொல்ல வேண்டும் என்று பெரிய முதலாளி சொல்லவில்லை. ஒருவர் போதும். ராணி எழுந்தாள். உடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். வாத்தியம் இல்லாமல், "இன்னும் ஒரு மூச்சிருக்கு" என்று ஆரம்பித்தாள். மூன்றாம் வரிசைக்கு மட்டும் கேட்டால் போதும் என்று மெதுவாகத்தான் பாடினாள். அவளுடைய மெதுவும் தெருமுனை வரைக்கும் போகும் என்பது வேறு விஷயம்.

பிடில்காரர் விழித்து வில்லைத் தேடினார். வரிசை வரிசையாகத் தலைகள் நிமிர்ந்தன. சின்ன முதலாளி காதில் முதலில் விழுந்தது குறட்டை. "பிடிச்சேன்!" என்று துள்ளி எழுந்தார். பார்த்தால், பிணம் நின்றுகொண்டு பாடுகிறது. இளவரசன் படுத்துக்கொண்டு குறட்டை விடுகிறார். சின்ன முதலாளி மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

ராணி மூன்றாவது சரணத்தை முடித்துப் படிக்கட்டில் விழுந்தாள். அப்படி ஒரு சாவு அவளே செத்ததில்லை. சபை மூச்சுவிடவில்லை. அவளும் விடவில்லை. அதுதான் ஆபத்தாகப் போயிற்று. மூன்றாம் வரிசையில் நாற்காலி சாய்ந்த சத்தம் கேட்டது. சபதம், வயசு, முழங்கால் எல்லாவற்றையும் தாண்டி டாக்டர் மேடையில் ஏறிக்கொண்டிருந்தார்.

"அதே டாக்டருய்யா!" என்றார் பழைய ரசிகர் ஒருவர்.

டாக்டர் குனிந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி இல்லை. முகம் வெளுத்தது. ராணிக்கு அதற்கு மேல் மனசு கேட்கவில்லை. அக்குளைத் தளர்த்தினாள். துணி உருண்டை படிப்படியாக உருண்டு போய் மேடை விளக்குப் பக்கத்தில் நின்றது. அவர் விரலுக்கடியில் நாடி குபுக்கென்று ஓடி வந்தது.

டாக்டர் உருண்டையைப் பார்த்தார். பிணத்தைப் பார்த்தார்.

"இதுவா?" என்றார் அடிக்குரலில்.

"இதுதான்" என்றது பிணம், உதடு அசையாமல்.

"இருபத்தஞ்சு வருஷமா சொல்லவே இல்லியே!"

"சொல்லியிருந்தா பழி போயிருக்கும். கிளினிக் நெறஞ்சிருக்கும். அப்புறம் என்னை யாரு கட்டியிருப்பாங்க?"

டாக்டர் எழுந்தார். மேடை முனைக்கு வந்தார். கோட்டை இழுத்துப் பொத்தான் போடப் போனார், பொத்தான் இல்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தெளிவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "அம்மா உயிரோடதான் இருக்காங்க."

கூரை போயிற்று என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். "ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!" பாட்டுக்கு இல்லை, டாக்டர் சொன்னதற்கு. அவர் அதை மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கூச்சலில்தான் திரைக்காரர் விழித்து, பதறிப்போய்க் கயிற்றை விட்டார். கதாநாயகர் விழித்தபோது திரைக்கு இந்தப் பக்கம் இருட்டாக இருந்தது. ஆட்டம் நன்றாகப் போனது என்று நினைத்துக்கொண்டு வணக்கம் சொன்னார்.

திங்கட்கிழமை சாவு ராணிக்கே என்று சின்ன முதலாளி சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. புலம்பல் பாட்டு ஒரே சரணமாகச் சுருங்கியது. கிளினிக் வாசலில் கூட்டம். அதில் பாதிப் பேருக்கு ஒரு நோயும் இல்லை. டாக்டர் கையைப் பிடித்து "உயிரோடதான் இருக்கீங்க" என்று சொல்வதைக் கேட்டுவிட்டுப் போக வந்தவர்கள். சின்னது இன்னும் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருக்கிறது. ஆனால் 'பெரியம்மா' போய் 'அக்கா' வந்துவிட்டது.

ஒரே ஒரு தொல்லை. டாக்டர் மேடையேறாவிட்டால் இப்போது ஜனங்கள் வீட்டுக்குப் போக மறுக்கிறார்கள். எனவே தினமும் அவர் வருகிறார், நாடி பார்க்கிறார், அந்த ஒரு வரியைச் சொல்கிறார். முதலில் சட்டென்று பார்த்தார். பிறகு ஒரு கையைப் பார்த்துவிட்டு இன்னொரு கையையும் பார்த்தார். இப்போது நெற்றியைத் துடைத்துக்கொள்கிறார், வானத்தைப் பார்க்கிறார், பெருமூச்சு விடுகிறார்.

"என்னங்க, இன்னும் எவ்வளவு நேரம்?" என்றாள் ராணி ஒரு மத்தியான ஆட்டத்தில், கண்ணைத் திறக்காமல். "கண்ணைச் சொக்குது."

"இரும்மா. கடைசி வரிசைக்கும் போய்ச் சேரணுமில்ல?"

திரை விழுந்ததும் ராணி நேராகத் தையல்காரரிடம் போய், முதுகில் இன்னொரு பொத்தான் தைக்கச் சொன்னாள்.